பூங்கொடிக்குக் காட்ட வேண்டிய மழை

மார்ச் 9, ஞாயிறு

காலை வெயில். பத்து மணிக்கு மூடுபனி. பன்னிரண்டுக்கு மறுபடி வெயில். சாலை ஈரம்.

இருபத்தாறு வருடமாக டிரிப் ஷீட் எழுதிய பழக்கம் விடவில்லை. கிளம்பிய நேரம், வானிலை, சாலை நிலவரம், சேர்ந்த நேரம். ஊட்டியில் கேரட் ஏற்றிக்கொண்டு சென்னைக்கும் கொச்சிக்கும் போகிறவனுக்கு அதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது. இப்போது வண்டி இல்லை. உரக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி சும்மா கிடந்தது.

புதன்கிழமை விழுந்தேன். கொட்டுகிற மழையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவையும் லோடோடு இறங்கியவன், கையில் ஒரு பக்கெட் ஈரத்துணியோடு சொந்த வீட்டுப் பின்வாசல் பாசியில் வழுக்கி விழுந்தேன். இடது கணுக்கால். கிளட்ச் மிதிக்கிற கால். ஆறு வாரம் மாவுக்கட்டு. எங்கள் ஊர் ஓட்டுப்பட்டறையில் லைன் வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்து நலம் விசாரித்தார்கள். சிரிப்பை அடக்க ரொம்பச் சிரமப்பட்டார்கள், பாவம்.

இன்னொரு செய்தி. பூங்கொடி இன்று மஸ்கட்டிலிருந்து என் மனைவி சாந்தாமணிக்குப் போன் செய்தாள். பூங்கொடி என் தம்பி கோவிந்தராசின் மனைவி. தம்பி மஞ்சள் காமாலையில் போய் மூன்று வருடம் ஆகப்போகிறது. ஒரு வயது தாண்டிய பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டு, அவள் மஸ்கட்டில் ஒரு வீட்டில் குழந்தை பார்க்கும் வேலைக்குப் போனாள். ஏப்ரலில் வேலையை விட்டுவிட்டு வருகிறாளாம். கனிஷ்காவை அழைத்துக்கொண்டு கோபியில் தன் அம்மாவோடு இருந்துகொள்வாளாம்.

போனை வைத்த பிறகு சாந்தாமணி கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். பிள்ளை இல்லை. கனிஷ்கா அவளைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறது.

"திடீர்னு வர்ற நெனப்பு எப்படி வந்துச்சாம் அவளுக்கு?" என்று கேட்டேன்.

சாந்தாமணி என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "பெத்தவளுக்கு வராதா" என்றாள்.

மார்ச் 11, செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம். எதிர் லைன் தெரியவில்லை.

சாந்தாமணிக்கு ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமையல் வேலை. ஐந்தரைக்குப் போனால் மதியம் இரண்டரைக்குத் திரும்புவாள். இதுவரை பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய், ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைமேல் உட்காரவைத்துவிட்டு வேலை பார்த்தாள். புதிதாக வந்திருக்கும் வார்டன், எண்ணெய் கொதிக்கிற இடத்தில் குழந்தை கூடாது என்று சொல்லிவிட்டார். நியாயம்தான்.

"பாத்துக்குவீங்களா?" என்றாள்.

"பத்து டன் லோடைப் பாத்துக்கறவன்."

"லோடு சோறு கேக்காது."

பிள்ளைக்கு மூன்றரை வயது. லைனில் எல்லாரும் என்னை டிரைவர் என்று கூப்பிடுவதைக் கேட்டு அதுவும் என்னை டைவரு என்கிறது. பெரியப்பா என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் வீட்டில் இருந்தால்தானே. வாரத்துக்கு ஒரு நாள் வருவேன், தூங்குவேன், போவேன்.

சாந்தாமணி போன பிறகு அது கதவோரம் உட்கார்ந்துகொண்டது. அழவில்லை. அழுதாலாவது ஏதாவது சொல்லலாம். ஒரு வரக்கி பிஸ்கட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டு போய் மறுபடி கதவோரமே உட்கார்ந்தது. இரண்டரை மணிவரை நாங்கள் இருவரும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மார்ச் 13, வியாழன்

நல்ல வெயில். 

கிழக்கு ஜன்னல் வழியாக எட்டு மணிக்கு உள்ளே ஒரு முறம் அளவு வெயில் விழுகிறது. இந்த வீட்டில் பதினாறு வருடமாக இருக்கிறேன், இன்றுதான் பார்க்கிறேன். பிள்ளை தன் ஸ்டூலை அந்த வெயிலில் போட்டு உட்கார்ந்தது. வெயில் நகர்ந்தது. ஸ்டூலை நகர்த்தியது. கொஞ்ச நேரம் கழித்து என்னைத் திரும்பிப் பார்த்து, "டைவரு, நீயும் வா" என்றது.

கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு நாற்காலியை நகர்த்தினேன். கட்டிலோரம், பீரோவோரம், அடுப்படி வாசல். பதினோரு மணிக்குள் வெயிலோடு வீட்டைப் பாதி சுற்றிவிட்டோம். அப்புறம் மூட்டம் வந்து அணைத்துவிட்டது.

"போச்சு" என்றது.

"நாளைக்கு வரும்."

"கரெக்டா வருமா?"

வரும் என்று சொல்லியிருக்கிறேன். மலையில் மார்ச் மாத வெயிலுக்கு உத்தரவாதம் கொடுத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மார்ச் 14, வெள்ளி

வெயில் வரவில்லை. என்னைப் பொய்யன் என்கிறது.

மார்ச் 17, திங்கள்

காலை தூறல். பிறகு வெயில்.

பத்து மணிக்கு வாசலில் காட்டெருமை. ஒற்றை. எங்கள் லைன் படிக்கட்டில் நின்று யாரோ போட்ட முட்டைக்கோஸ் இலையைத் தின்றுகொண்டிருந்தது. நான் கதவைத் தாழ் போட்டேன். பிள்ளை ஜன்னல் திண்டில் ஏறி, கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "ஓரமா நில்லு, டைவரு வண்டி எடுப்பாரு" என்று அதனிடம் சொன்னது. காட்டெருமை தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு நிஜமாகவே இரண்டு அடி ஒதுங்கி நின்றது. சாலையில் ஒருத்தனும் எனக்கு இப்படி ஒதுங்கியதில்லை.

திண்டிலிருந்து இறங்கத் தெரியாமல் கையை நீட்டியது. தூக்கினேன். எடையே இல்லை. இறக்கிவிட வேண்டும் என்று கொஞ்ச நேரம் எனக்குத் தோன்றவில்லை. சாந்தாமணி வரும்போது என் மடியில்தான் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் வாசலிலேயே நின்று பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மார்ச் 18, செவ்வாய்

மழை. என்னால் ஓட முடியாது. துணியெல்லாம் கனி எடுத்தாள். எட்டாத துணி நனைந்தது.

மார்ச் 23, ஞாயிறு

மேகம். காற்று.

சாந்தாமணி மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது பூங்கொடி வீடியோ காலில் வந்தாள். கனி அவளைப் 'போனு' என்கிறாள். "போனு வருது" என்று போனை என்னிடம் நீட்டிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். கூப்பிட்டும் வரவில்லை.

"வெக்கப்படறா போல மாமா" என்றாள் பூங்கொடி. "ராத்திரி இன்னும் என்னைத் தேடி அழுகறாளுங்களா?"

"ம்" என்றேன். சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். ஐந்து கோடும் இருந்தது.

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

பிப்ரவரி முதல் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொச்சி டிரிப் முடித்து முப்பது மணி நேரம் தூங்காமல் வந்து படுத்தேன். கனிக்கு லேசான காய்ச்சல். சிணுங்கிக்கொண்டே இருந்தாள். சாந்தாமணி அவளைத் தோளில் போட்டுக்கொண்டே சமைத்தாள், தோளில் போட்டுக்கொண்டே எனக்குத் தட்டு வைத்தாள். என்னிடம் ஒரு வார்த்தை பேச அவளுக்கு நேரமில்லை. எனக்கு எரிச்சல். வெறும் எரிச்சல்தான், பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. வெளியே போய், பஸ் ஸ்டாப்பில் நின்று, பூங்கொடிக்குப் போன் போட்டேன். "புள்ள தெனமும் உன்னைத் தேடி அழுகுது. எங்களால தாங்க முடியல. வந்து கூட்டிட்டுப் போயிரு" என்றேன்.

கனி ஒரு நாளும் பூங்கொடியைத் தேடி அழுததில்லை. யாரென்றே தெரியாத ஆளை எப்படித் தேடுவாள். வீட்டுக்குத் திரும்பி நன்றாகத் தூங்கினேன். மறுநாள் வண்டியில் அதை மறந்தும் போனேன்.

மார்ச் 27, வியாழன்

வெயில். வண்டி ஓட்ட ஏற்ற நாள்.

பூங்கொடிக்கு நானே போன் செய்தேன். மத்தியானம் அவள் முதலாளியம்மா தூங்கும் நேரத்தில்தான் பேச முடியும்.

"அவசரப்பட வேண்டாம்னு தோணுது பூங்கொடி. இன்னும் ரெண்டு வருசம் இருந்துட்டே வாயேன். புள்ள இங்க நல்லாத்தான் இருக்கறா."

பூங்கொடி சொன்னாள். "மாமா, நான் இங்க வேற ஒருத்தரு புள்ளைய வளத்திட்டிருக்கறனுங்க. அது என்னைத்தான் தேடுது, என்ற கையிலதான் சோறு திங்குது. என்ற புள்ள என்னைய மறந்திருக்கும்னு நெனச்சா எனக்குச் சோறே எறங்காது. நீங்க கூப்பிட்டுத் தேடறாள்னு சொன்னீங்க பாருங்க, அன்னிக்குத்தான் நான் வயிறார சாப்பிட்டேன். வேலைய விடறேன்னு எழுதிக் குடுத்துட்டனுங்க மாமா. ஏப்ரல் இருவதுக்கு வந்துருவேன், டிக்கெட்டும் போட்டாச்சு."

உடம்பைப் பார்த்துக்கொள் என்றேன்.

கனி பக்கத்தில் என் டீயில் வரக்கியை முக்கிக்கொண்டிருந்தாள். பாதி உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. ஸ்பூனால் எடுத்து ஊட்டினேன். இன்னும் இருபத்துநாலு நாள்.

மார்ச் 30, ஞாயிறு

மாலை மழை. முதல் நல்ல மழை.

மூன்று நாளாக யோசித்தேன். பூங்கொடி வந்து இறங்கும்போது இந்தப் பிள்ளை கட்டிலுக்கு அடியில் ஓடினால் அவள் மனசு என்ன ஆகும். இத்தனை கடல் தாண்டி ஒரு பொய்யை நம்பி வருகிறாள். அந்தப் பொய்யை உண்மையாக்குவது ஒன்றுதான் என்னால் முடிந்தது. அதைச் செய்தால் கனி என்னை விட்டு, சாந்தாமணியை விட்டு, சிரித்துக்கொண்டே போவாள். செய்யாவிட்டாலும் போவாள், அழுதுகொண்டு. இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மழை தகரத்தில் அடித்தபோது கனி கையை வெளியே நீட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன், "போனு இருக்கற ஊர்ல மழையே கிடையாது, தெரியுமா?"

திரும்பிப் பார்த்தாள். "ஒருக்காகூட?"

"வெயில் மட்டும்தான். எப்பவும் ஜன்னல மூடியே வெச்சிருப்பாங்க."

"பாவம்" என்றாள் கனி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "காட்டலாமா?" என்றாள்.

காட்டினோம். பூங்கொடி தகரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கனி போனை மழைக்குள்ளேயே நீட்டிவிட்டாள். இப்போது போன் அரிசி டப்பாவில் காய்கிறது.

ஏப்ரல் 2, புதன்

மதியம் ஆலங்கட்டி. பத்து நிமிடம்.

பட்டாணி அளவில் ஆரம்பித்துக் கோலிக்குண்டு அளவுக்கு வந்தது. கனி ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலில் பொறுக்கினாள். தலையில் ஈயச்சட்டியைக் கவிழ்த்து அனுப்பினேன். சட்டியில் டங்டங்கென்று விழ, ஒவ்வொன்றுக்கும் நின்று சிரித்தாள். இப்படி ஒரு மத்தியானத்தை நான் ஐம்பது வயதில்தான் பார்க்கிறேன்.

டம்ளரைப் பூங்கொடிக்குக் காட்ட வேண்டும் என்றாள். நாலு முறை அடித்தும் லைன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது டம்ளரில் தண்ணீர்தான் இருந்தது. கனியின் உதடு பிதுங்கியது.

பூங்கொடி போனில் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து உற்றுப் பார்த்தாள். "ஏயப்பா, எத்தனை பெருசு. அடியில ஒண்ணு கெடக்குது பாரு" என்றாள்.

கனி டம்ளருக்குள் பார்த்தாள். "ஆமா" என்றாள். 

ஏப்ரல் 5, சனி

மூட்டம், தூறல், வெயில், மறுபடி மூட்டம். ஒரே நாளில் நாலு பருவம்.

பூங்கொடியின் போட்டோவைக் கனியிடம் காட்டி, "இது யாரு?" என்றேன்.

"போனு."

"போனுக்குப் பேரு அம்மா."

"அம்மா வேலைக்குப் போயிருக்கு."

"அது பெரியம்மா. இதுதான் அம்மா. நீ இவ வயித்துல இருந்துதான் வந்தே."

கனி போட்டோவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். "பெரியம்மான்னா பெரிய அம்மாவா?"

"ஆமா."

"அப்பச் சரி" என்றாள். 

நாக்கில் கசப்பாக இருந்தது. டீ போட்டுக் குடித்தேன். போகவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

பிற்பகல் மழை.

சாந்தாமணி குடையை மடக்கிக்கொண்டு படியேறும்போதே கனி ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள். "பெரியம்மா வந்தாச்சு."

படியில் ஒரு கணம் நின்றாள். ஒரு கணம்தான். "சொல்லு கண்ணு, சாப்பிட்டியா" என்று கேட்டபடி உள்ளே வந்தாள். கனியைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எங்கள் அடுப்படிக் கதவை யாரும் சாத்தியதே இல்லை. அது தரையில் உரசும்.

அரை மணி நேரம் கழித்துக் காபியோடு வந்தாள்.

"நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றேன்.

"யாராவது சொல்லித்தானே ஆகணும். எனக்கு வாய் வரல" என்றாள். கண்ணிமை வீங்கியிருந்தது. என்மேல் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 10, வியாழன்

வாசலோரத்து நீலப்பூ மரம் முழுக்கப் பூத்துவிட்டது. காற்றுக்குப் படியெல்லாம் நீலம். கனி ஒரு கூடை பொறுக்கி அம்மாவுக்குக் காட்டினாள். போனு என்று சொல்லவில்லை. அம்மா என்றாள். பூங்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. காலை வெயில் கண்ணாடிபோல்.

சாந்தாமணி நேற்றே தட்டில் மாம்பழம், வாழை, எலுமிச்சை, பூ, கண்ணாடி எல்லாம் வைத்துவிட்டாள். எழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டு வந்து தட்டுக்கு முன்னால்தான் திறக்க வேண்டும். முதலில் எதைப் பார்க்கிறோமோ அது வருடம் முழுக்க நிறைந்திருக்கும் என்பார்கள். கனியின் கண்ணைப் பொத்தி நான் கூட்டி வந்தேன். அவள் மாம்பழத்தைப் பார்த்தாள்.

சாந்தாமணி கடைசியாக வந்தாள். கண்ணை மூடியபடியே கையால் துழாவி, கனியைப் பிடித்துத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டு, கண்ணாடிக்கு நேரே குனிந்து கண்ணைத் திறந்தாள். கண்ணாடியில் கனியின் முகத்தைத்தான் பார்த்தாள். பழத்தைப் பார்க்கவில்லை. இன்னும் சில நாளில் போகப்போகிறவளை வருடம் முழுக்க வேண்டும் என்று பார்த்தாள்.

பாயசம் வைத்தோம். கனி மூன்று டம்ளர் குடித்தாள்.

ஏப்ரல் 16, புதன்

கட்டுப் பிரித்தாயிற்று. கால் குச்சிபோல் இருக்கிறது. கனி பார்த்துவிட்டு, "டைவரு கால் பழசாயிருச்சு" என்றாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

காலை வெயில், மதியம் தூறல்.

பூங்கொடி பன்னிரண்டு மணிக்கு வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். வாசலில் பையை வைத்துவிட்டு உள்ளே வராமல் நின்றாள், அன்னியர் வீட்டுக்கு வந்தவள்போல. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பிரேக் பிடிக்காத வண்டியில்கூட அப்படி அடித்ததில்லை.

கனி என் காலுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "போன்ல இருந்து எப்படி வந்தே?" என்று கேட்டாள்.

"பஸ்ல வந்தேன் சாமி."

கனி போய் அவள் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். "வா, நெசம் மழை வருது, நனையலாம்."

இரண்டு பேரும் தூறலில் நின்றார்கள். பூங்கொடி அழுதாளா என்று தெரியவில்லை, மழைதான் முகத்தில் இருந்தது. திரும்பி என்னைப் பார்த்து, "மாமா, நீங்க சொன்னது நெசந்தானுங்க. என்னை எப்படித் தேடியிருக்கறா பாருங்க" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து சாந்தாமணி சொன்னாள். "ஆமா பூங்கொடி. ரொம்பத் தேடினா."

ஏப்ரல் 22, செவ்வாய்

மழை இல்லை.

சாந்தாமணி லீவு போட்டிருக்கிறாள். பூங்கொடிக்கு எல்லாம் சொல்லிக் கொடுக்கிறாள். ரசம் என்றால் கனி இரண்டு வாய் கூடச் சாப்பிடுவாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது கண்ணைத் துணியால் பொத்த வேண்டும். பச்சை கவுன் பிடிக்காது. "தூங்கறப்ப உன்ற காதைப் புடிச்சுக்குவா. வலிக்கும். எடுத்து விட்றாதே, முழிச்சுக்குவா."

பூங்கொடி தலையாட்டிக்கொண்டே இருந்தாள். சாந்தாமணியின் இடது காது எப்போதும் கொஞ்சம் சிவந்திருப்பது ஏன் என்று இன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஏப்ரல் 24, வியாழன்

மாலை தூறல்.

மத்தியானம் கனி பூங்கொடியோடு படுத்தாள், அவள் காதைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். நான் நினைத்ததெல்லாம் நடந்துவிட்டது. சாந்தாமணி மடித்த துணிகளை மடியில் வைத்துக்கொண்டு வெளிப்படியில் உட்கார்ந்திருந்தாள். தூறல் விழ ஆரம்பித்தது. துணி நனைகிறது என்றேன். "ம்" என்றாள், எழுந்திருக்கவில்லை. நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

கிளம்பியது காலை 7.10. வெயில். சாலை நல்ல நிலை.

அடுத்த லைன்காரரின் ஆம்னி வேனை வாங்கி நானே ஓட்டினேன். ஏழு வாரத்துக்குப் பிறகு முதல் டிரிப். கிளட்ச் மிதிக்கும்போதெல்லாம் கால் வலித்தது. அந்த வலி எனக்கு வேண்டியிருந்தது. சாந்தாமணி வரவில்லை. வாசலிலேயே கனிக்குத் தலை வாரி, ரிப்பன் கட்டி, "அம்மாவோட சமத்தா போய்ட்டு வா" என்றாள். 'வா' என்ற சொல்லை எப்படித்தான் சொன்னாளோ.

கனி முன் சீட்டில் பூங்கொடி மடியில் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன் அடிக்கச் சொன்னாள். அடித்தேன். மேட்டுப்பாளையத்தில் கோபி பஸ் நின்றிருந்தது. ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன். கீழே நல்ல சூடு. கனிக்கு மூக்கில் வியர்வை பூத்திருந்தது.

"டைவரு, ஏறு. நீதானே ஓட்டணும்" என்றாள்.

"இதுக்கு வேற டிரைவர் இருக்காரு கண்ணு."

ஒரு ஆள் வந்து ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். கனி அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். பஸ் எடுத்துவிட்டார்கள்.

திரும்பி ஏறும்போது பர்லியாறு தாண்டியதும் மூடுபனி. வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். சேர்ந்தது 11.40.

ஏப்ரல் 26, சனி

நாள் முழுக்க மழை.

சாந்தாமணி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து சொல்லிவிட்டேன். "பூங்கொடிய வரச் சொன்னது நான்தான். புள்ள தேடுதுன்னு பொய் சொன்னேன்."

உரிக்கிற கை நிற்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"எப்போ?"

"வர்றேன்னு அவ போன் பண்ணின அன்னிக்கே. மாமா சொன்னாங்க, புள்ள அழுகறாளாமே, நெசமாக்கான்னு கேட்டா. ஆமான்னுட்டேன்."

"ஏன் ஆமான்னே?"

"உன்ற புள்ளைக்கு உன்னைய யாருன்னே தெரியாதுன்னு எந்த வாயால சொல்றது?"

"என்னையாவது கேட்டிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம்."

"போடத்தான் இருந்தேன். கால் ஒடஞ்சு கெடக்கறாரு, கட்டுப் பிரிக்கட்டும்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க அவளைத் தூக்க ஆரம்பிச்சுட்டீங்க." பட்டாணித் தட்டைக் கீழே வைத்தாள். "இத்தனை நாளும், ஒரு நாளாவது இந்த மனுசன் அவளைத் தூக்க மாட்டாரான்னு பாத்திட்டிருந்தவ நான். தூக்கிட்டு நிக்கறப்ப எப்படிங்க சொல்றது, உங்களாலதான் அவ போறாள்னு."

இந்த ஏழு வாரத்தில் முதல் முறையாக என் முன்னால் அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். நான் கையைப் பிடித்தேன். பிடிக்க விட்டாள்.

மன்னித்துக்கொள் என்றேன். 

"அதுக்கு நாளாகும்" என்றாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

காலை வெயில்.

பூங்கொடி போன் செய்தாள். சாந்தாமணி ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் கனி அழுவது கேட்டது. மூச்சு வாங்கி வாங்கி அழுகிறாள்.

"அக்கா, நாலு நாளா இப்படியேதானுங்க. பெரியம்மா, டைவருன்னே அழுகறா. சோறு எறங்கல. ஒரு நாள் வந்து மொகத்தைக் காட்டிட்டுப் போங்கக்கா."

நான் சட்டையை எடுக்க எழுந்தேன். சாந்தாமணி கையால் உட்காரச் சொன்னாள்.

"வேண்டாம் பூங்கொடி. நாங்க வந்தா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கும். அழுகட்டும். நீ பக்கத்துலயே இரு, நின்னுரும்."

"நிக்குமாக்கா?"

"நிக்கும். நீ மஸ்கட்டுக்குப் போனப்பவும் இப்படித்தான் அழுதா. இந்த வாசல்ல உக்காந்துட்டு, உன்ற சேலைத் துணியக் கையில வெச்சுட்டு, அம்மா அம்மான்னு. ஒரு வாரம் சோறு தண்ணி இல்ல. இத நான் உன்கிட்டச் சொல்லல. சொன்னா அங்க நீ எப்படி இருப்பே."

பூங்கொடி அழ ஆரம்பித்தாள். சாந்தாமணி போனைக் காதோடு வைத்துக்கொண்டு, சரி சரி என்று சொல்லிக்கொண்டே பின்வாசலுக்குப் போய்விட்டாள்.

அந்த ஒரு வாரம் நான் எங்கே இருந்தேன் என்று பழைய டிரிப் ஷீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். சென்னை, சென்னை, கொச்சி. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்திருக்கிறேன். அன்றைக்கு, "ஓய்வு, நல்ல தூக்கம்" என்று எழுதியிருக்கிறேன்.